பெரிய ஏ, சின்ன ஏ

அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கும் குடும்பப் பெயர் ஸ்மித். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்./400 கணினியில் அந்தப் பெயரை முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் அடித்தால் வட்டில் பதிவது ஐந்து எண்கள்: 226, 212, 201, 227, 200. முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலில் அடித்து மற்றவற்றை ஸ்மால் எழுத்தில் விட்டால் 226, 148, 137, 163, 136. முதல் எண் மட்டும் ஒன்று. மீதி நான்கும் வேறு. பில் பாக்கி வசூலிக்கும் குமாஸ்தாவுக்கு இருவரும் ஒரே ஸ்மித். கணினிக்கு அப்படி இல்லை.

கேப்பிடலில் பதிந்துவைத்த ஸ்மித்தை, யாரோ ஒருவர் பாதி ஸ்மால் எழுத்தில் அடித்துத் தேடுகிறார். கணினி பழுதாவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. ‘பதிவு எதுவும் இல்லை’ என்று பணிவாகச் சொல்லிவிடுகிறது. அதை நம்பிக் குமாஸ்தா புதிதாக ஒரு கணக்கைத் திறக்கிறார். இனி ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்கு, இரண்டு கடன் வரம்பு, இரண்டு பாக்கி. சத்தம் போடும் பிழையை அன்றைக்கே பிடித்துவிடலாம். சத்தமில்லாமல் தவறான பதிலைத் தரும் பிழை வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். தரவுத்தளங்களில் நான் மிகவும் அஞ்சும் பிழை இந்த வகைதான்.

இந்த எண்கள் ஏன் இப்படி அமைந்தன என்று பார்க்க, துளை அட்டைக் காலத்துக்குப் போக வேண்டும். துளை அட்டையின் முன்னோடி ஹொலரித்தின் வழிவந்த அட்டையில் ஒரு பத்தியில் பன்னிரண்டு இடங்கள். எழுத்துக்கு இரண்டு துளை: மேலே மண்டலத் துளை ஒன்று, கீழே இலக்கத் துளை ஒன்று. முதல் மண்டலத்தில் ஏ முதல் ஐ வரை ஒன்பது எழுத்து, அடுத்ததில் ஜே முதல் ஆர் வரை ஒன்பது, மூன்றாவதில் எஸ் முதல் இசட் வரை எட்டு. கூட்டினால் இருபத்தாறு. ஸ்மால் எழுத்துக்கு அங்கே இடமே கிடையாது. பிறகு வந்த 1401 போன்ற கணினிகள் ஓர் எழுத்தை ஆறு பிட்டில் வைத்தன. ஆறு பிட்டில் 64 குறிகள்தான் அடங்கும். இருபத்தாறு எழுத்து, பத்து இலக்கம், கொஞ்சம் நிறுத்தக்குறி என்று போட்டதும் இன்னொரு இருபத்தாறுக்கு இடம் போதாது. உலகத்தின் வணிகக் கணக்கெல்லாம் கேப்பிடலில் நடந்தது இதனால்தான்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 இதை மாற்றியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், பைட்டை ஆறு பிட்டிலிருந்து எட்டு பிட்டாக்கியதுதான் தம் வாழ்க்கையில் எடுத்த மிக முக்கியமான முடிவு என்று பிற்காலத்தில் சொன்னார். அவர் சொன்ன காரணம், ஸ்மால் எழுத்துக்கு இடம் கிடைத்தது என்பதே. இன்று நாம் கணினியில் படிப்பது, எழுதுவது எல்லாம் அந்த இரண்டு கூடுதல் பிட்டுகளின் மேல் நிற்கிறது. ஸ்மித் இரண்டு பேராகப் பிரிந்ததும் அதே முடிவால்தான்.

அப்போது பிறந்த குறியீட்டின் பெயர் எப்சிடிக். அட்டையின் மண்டலங்கள் அதில் இன்னமும் தெரியும். கேப்பிடல் ஏ முதல் ஐ வரை 193 முதல் 201. ஜே 209இல் தொடங்கி ஆர் 217இல் முடிகிறது. எஸ் 226, இசட் 233. நடுவில் உள்ள இடைவெளிகள் அட்டையிலிருந்து வந்தவை. ஸ்மால் எழுத்துகளுக்கும் இதே அமைப்பு. ஒவ்வொன்றும் தன் கேப்பிடலைவிடச் சரியாக 64 குறைவு. சின்ன ஏ 129, பெரிய ஏ 193. இருமத்தில் எழுதினால் 10000001, 11000001. வேறுபாடு இடமிருந்து இரண்டாவதாக நிற்கும் ஒரே ஒரு பிட்.

இதில் ஓர் அழகு உண்டு. எப்சிடிக்கில் வெற்றிடத்தின் எண் 64. அதாவது அந்த ஒரு பிட் மட்டும் 1, மற்றதெல்லாம் 0. எந்த எழுத்தோடும் வெற்றிடத்தை ‘ஆர்’ செய்தால் (இரண்டில் எதில் 1 இருந்தாலும் விடை 1), அது கேப்பிடலாகிவிடும். ஏற்கெனவே கேப்பிடலாக இருந்தால் மாறாது. பழைய அசெம்பிளி நிரலர்கள் ஒரு பெயர் முழுவதையும் ஒரே கட்டளையில் இப்படிக் கேப்பிடலாக்கினார்கள். தனிக் கணினிகளில் பரவிய ஆஸ்கியிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பெரிய ஏ 65, சின்ன ஏ 97, வேறுபாடு 32. ஆனால் திசை மாறுகிறது. ஆஸ்கியில் இலக்கங்கள் முதலில், பிறகு கேப்பிடல், பிறகு ஸ்மால். எப்சிடிக்கில் ஸ்மால் முதலில், பிறகு கேப்பிடல், இலக்கங்கள் கடைசியில். ஒரே பட்டியலை இரண்டு கணினிகள் இரண்டு விதமாக வரிசைப்படுத்துவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

இனி ஏ.எஸ்./400க்கு வருவோம். மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரம் மேயோ கிளினிக்கால் பெயர் பெற்றது. அங்கேதான் ஐ.பி.எம்.மின் நடுத்தரக் கணினிகள் உருவாயின. பேரளவு மெயின்ஃபிரேமுக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்ட இடம் இவற்றுக்கு. மொத்த வியாபாரி, வங்கிக் கிளை, தொழிற்சாலைக் கிடங்கு, இவர்களுக்காகச் செய்தவை. 1978இல் அறிவித்த சிஸ்டம்/38இன் வழியில் 1988 ஜூனில் ஏ.எஸ்./400 வந்தது. பெயர் 2000இல் ஐசீரிஸ் என்றும், 2006இல் சிஸ்டம் ஐ என்றும் மாறியது. 2008 முதல் இயக்கத்தளத்தின் பெயர் ஐ.பி.எம். ஐ. பழகியவர்கள் இன்றும் ‘ஏ.எஸ். ஃபோர் ஹண்ட்ரட்’ என்றே சொல்கிறார்கள். சென்னையின் மென்பொருள் அலுவலகங்களிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஏ.எஸ்./400 நிரல்களைப் பராமரிக்கும் குழுக்கள் உண்டு. இதன் தனிச்சிறப்பு, தரவுத்தளம் இயக்கத்தளத்துக்குள்ளேயே பிறந்தது. தனியாக வாங்க வேண்டாம், நிறுவ வேண்டாம். கணினியை இயக்கினாலே தரவுத்தளமும் இயங்கும்.

அந்தத் தரவுத்தளம் முதல் நாளிலிருந்தே பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகத்தான் பார்த்தது. ஆனாலும் பல காலம் யாருக்கும் அது உறைக்கவில்லை. காரணம் 5250 என்னும் பச்சைத் திரை. டி.டி.எஸ். என்ற மொழியில் திரையை வடிவமைப்பார்கள். ஓர் உள்ளீட்டுப் புலத்தைச் சாதாரணமாக அறிவித்தால், பயனர் எதை அடித்தாலும் திரை அதைக் கேப்பிடலாக்கித்தான் உள்ளே அனுப்பும். ஸ்மால் எழுத்தை அனுமதிக்க வேண்டுமானால் நிரலர் ‘செக்’ என்ற சொல்லோடு ‘எல்சி’ என்ற குறியைச் சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலான நிரலர்கள் எழுதவில்லை; தேவைப்படவில்லை. பெயர், ஊர், பொருள் எண் எல்லாம் கேப்பிடலில் போய்ச் சேர்ந்தன. தேடுபவரும் அதே திரை வழியாகத்தான் வந்தார். வாசலிலேயே ஒழுங்கு செய்துவிட்டதால் உள்ளே குழப்பம் எழவில்லை.

1990களில் வாசல்கள் பலவாயின. விண்டோஸ் கணினியிலிருந்து ஓ.டி.பி.சி. என்ற இணைப்பு முறை வழியே நேராகத் தரவுத்தளத்துக்குள் எழுதும் நிரல்கள் வந்தன. பிறகு இணையப் படிவங்கள் வந்தன. வாடிக்கையாளரே தம் பெயரைத் தமக்குப் பிடித்தபடி அடித்தார். ஒருவர் முழுக்கக் கேப்பிடலில், ஒருவர் முழுக்க ஸ்மாலில், ஒருவர் முறைப்படி. ஒரே டேபிளில் மூன்று தலைமுறைப் பழக்கமும் கலந்தது. தேடல் பொய் சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

எல்லோர் கையும் முதலில் நீளும் மருந்து ‘அப்பர்’ ஃபங்ஷன். எஸ்.க்யூ.எல். குவரியில் பெயர்ப் புலத்தை அப்பருக்குள் போட்டு, தேடும் பெயரையும் கேப்பிடலாக்கி, இரண்டும் சமமா என்று கேட்பது. விடை சரியாக வரும். ஆயிரம் பதிவு உள்ள டேபிளில் விடை உடனேயும் வரும். பத்து லட்சம் பதிவு உள்ள டேபிளில் அதே குவரி தவழ ஆரம்பிக்கும். ஏன் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான்.

தரவுத்தளம் பெயரைத் தேடுவது இண்டெக்ஸ் வழியாக. ஏ.எஸ்./400இன் இண்டெக்ஸ் ‘பைனரி ரேடிக்ஸ்’ மரம் எனப்படும். பெயரின் பிட்டுகளைச் சோதித்து, 0 என்றால் ஒரு கிளை, 1 என்றால் மறு கிளை என்று இறங்கிப்போகும். பெயர்களுக்குப் பொதுவான முன்பகுதி ஒரு தடவைதான் எழுதப்படும். ஒவ்வொரு சோதனையும் எஞ்சியவற்றில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். இரண்டை இருபது தடவை பெருக்கினால் 10,48,576. ஆகவே பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைப் பிடிக்கச் சுமார் இருபது சோதனை போதும்.

இந்த மரம் எந்த எண்களை வைத்து வளர்ந்தது? வட்டில் உள்ளபடியே இருக்கும் எண்களை வைத்து. முறைப்படி எழுதிய ஸ்மித் 226, 148 என்று தொடங்குகிறார். கேப்பிடல் ஸ்மித் 226, 212. இருவருக்கும் நடுவே, 226, 193 என்று தொடங்கும் கேப்பிடல் சாண்டர்ஸ் முதற்கொண்டு எத்தனையோ பேர் நிற்கிறார்கள். முழுக்க ஸ்மாலில் எழுதிய ஸ்மித் 162இல் தொடங்குவதால், கேப்பிடலில் தொடங்கும் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே போய்விடுகிறார். இப்போது ‘அப்பர் செய்த பிறகு ஸ்மித் ஆகும் பெயர் எது’ என்று கேட்டால் மரத்தால் எந்தக் கிளையையும் தள்ள முடியாது. அப்பர் செய்த பெயர்கள் மரத்தில் இல்லை. அவை கணக்கிட்டால்தான் பிறக்கும். எனவே கணினி பத்து லட்சம் பதிவையும் ஒவ்வொன்றாக எடுத்து, கேப்பிடலாக்கி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. அகர வரிசையில் அடுக்கிய அகராதியில், இரண்டாம் எழுத்து ‘மி’ ஆன சொற்களைத் தேடச் சொன்னால் நாமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டத்தான் வேண்டும். அகராதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. நாம் கேட்ட கேள்விக்கான ஒழுங்கு அது அன்று, அவ்வளவுதான்.

ஆக, ‘சமம்’ என்பதற்குக் குவரி ஒரு பொருள் வைத்திருக்கிறது, இண்டெக்ஸ் வேறொரு பொருள் வைத்திருக்கிறது. வேகக் குறைவு முழுவதும் இந்த ஒவ்வாமையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே பொருளுக்குக் கொண்டுவர ஏ.எஸ்./400 உலகம் கண்ட வழிகள் மூன்று.

முதல் வழி மிகப் பழையது: டேபிளில் தேடலுக்கென்றே இன்னொரு புலம். வாடிக்கையாளர் அடித்த பெயர் ஒன்றில் அப்படியே இருக்கும். கேப்பிடலாக்கிய நகல் மற்றொன்றில். இண்டெக்ஸ் நகலுக்கு. தேடுவதும் நகலில். ஆர்.பி.ஜி. மொழி நிரல்களைத் திறந்தால் இதற்கான தடயம் இன்றும் கிடைக்கும். நிரலின் தலைப்பகுதியில் இரண்டு மாறிலிகள்: ஒன்றில் இருபத்தாறு கேப்பிடல், மற்றதில் இருபத்தாறு ஸ்மால். கீழே எக்ஸ்லேட் என்ற கட்டளை ஒன்றை மற்றதாக்கும். கையால் அடித்த இருபத்தாறு எழுத்துக்குள் பிரெஞ்சுக்காரரின் மேற்குறியிட்ட ஈயும் ஜெர்மானியரின் இரட்டைப் புள்ளி யூவும் கிடையாது. முல்லர் என்ற வாடிக்கையாளரின் பெயரில் ஐந்து எழுத்து கேப்பிடலாகி ஓர் எழுத்து சின்னதாகவே நின்றுவிடும். கேப்பிடலாக்கவும் ஸ்மாலாக்கவும் ஆர்.பி.ஜி.க்கு உள்ளமைந்த ஃபங்ஷன்கள் வந்து சேர்ந்தது 2020களில்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டாம் வழி வரிசை ஒழுங்கை மாற்றுவது. ஏ.எஸ்./400இல் எழுத்துகளை எப்படி ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. சும்மா விட்டால் ‘ஹெக்ஸ்’: உள்ள எண்ணை அப்படியே ஒப்பிடு. ‘தனி எடை’ என்று வைத்தால் சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று மனிதர் எதிர்பார்க்கும் வரிசை வரும். ஆனால் ஒவ்வொன்றும் வேறுதான். ‘பகிர்ந்த எடை’ என்று வைத்தால் சின்ன ஏவுக்கும் பெரிய ஏவுக்கும் ஒரே எடை. அப்போது இரண்டு ஸ்மித்தும் உண்மையாகவே சமம். குவரியில் அப்பர் எழுத வேண்டியதே இல்லை. பகிர்ந்த எடையில் உருவாக்கிய இண்டெக்ஸும் இருந்தால், இருபது சோதனையில் விடை கையில்.

இது நேர்த்தியான வழி, ஆனால் கூர்மையானதும்கூட. பகிர்ந்த எடை பெயர்ப் புலத்தோடு நிற்காது; அந்தக் குவரியில் உள்ள எழுத்து ஒப்பீடு ஒவ்வொன்றையும் தொடும். சின்ன ஏயில் ஒரு பாகம், பெரிய ஏயில் வேறொரு பாகம் என்று பிரித்து எண்ணிடும் தொழிற்சாலையில், குழுவாக்கிக் கூட்டும் குவரி இரண்டு பாகத்தின் இருப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். இன்னொரு சிக்கல், இந்த அமைப்பு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. இணையச் செயலியின் ஜே.டி.பி.சி. இணைப்பில் பகிர்ந்த எடை. அலுவலகத்தில் உட்கார்ந்து அதே குவரியை ஓட்டுபவரின் அமர்வில் ஹெக்ஸ். எழுத்துக்கு எழுத்து ஒன்றான குவரி அங்கே பன்னிரண்டு பதிவு தரும், இங்கே ஏழு தரும். குவரியையே திரும்பத் திரும்பப் படித்து நாள் கடத்துவார்கள். பிழை குவரியில் இல்லை, இணைப்பின் அமைப்பில் இருக்கிறது.

மூன்றாம் வழி 2008இல் இயக்கத்தளத்தின் வி6ஆர்1 பதிப்போடு வந்தது. இண்டெக்ஸை வெறும் புலத்துக்கு மட்டுமன்றி, ஃபங்ஷன் தரும் விடைக்கும் உருவாக்கலாம் என்றானது. பெயர்ப் புலத்தின் அப்பருக்கு ஓர் இண்டெக்ஸ். இப்போது மரம் வளர்வதே கேப்பிடலாக்கிய பெயர்களை வைத்து. குவரியில் அதே அப்பர் வந்தால், தரவுத்தளம் அடையாளம் கண்டு அந்த மரத்தில் இறங்கிவிடும். நகல் புலம் வேண்டாம், இணைப்பு அமைப்பைத் தொட வேண்டாம், பாக எண்களுக்கு ஆபத்து இல்லை. எந்தப் புலத்துக்கு எந்தச் சமம் என்பதைப் புலத்துக்குப் புலம் எழுதிவைக்கலாம். புதிதாக ஒரு டேபிள் வடிவமைப்பவர் என்னைக் கேட்டால் இந்த வழியைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பெயரின் நடுவில் எங்கேயாவது ‘மித்’ வருகிறதா என்று இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு லைக் கொண்டு தேடினால், எந்த மரத்திலும் நேராக இறங்க முடியாது. அது வேறு வகைத் தேடல். அதற்கு உரைத் தேடல் இண்டெக்ஸ் தேவை.

மற்ற தரவுத்தளங்கள் எல்லாம் இப்படியா என்றால், இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் வழக்கமான நிறுவலில் இரண்டு ஸ்மித்தையும் ஒருவராகவே பார்க்கும். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ஐ.பி.எம்.மைப் போல வேறுவேறாகப் பார்க்கும். ஒன்றில் பழகிய நிரலர் மற்றதற்கு மாறும்போது, இதை யாரும் சொல்லித் தராவிட்டால் வழுக்கி விழுவது நிச்சயம்.

பிட் ஒன்றைத் திருப்பினால் போதும் என்ற அந்த எளிமையும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. துருக்கிய மொழியில் புள்ளியுள்ள ஐ, புள்ளியில்லாத ஐ என்று இரண்டு எழுத்து. சின்ன எழுத்தில் புள்ளி இருந்தால் கேப்பிடலிலும் புள்ளி இருக்க வேண்டும். ஆங்கில விதிப்படி கேப்பிடலாக்கினால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். ஜெர்மன் மொழியின் கூர்மை எஸ், மரபுப்படி கேப்பிடலாகும்போது இரண்டு எஸ்ஸாகப் பிரிந்து சொல்லின் நீளத்தையே கூட்டும். அதற்கென ஒற்றைக் கேப்பிடல் எழுத்து 2008இல் யூனிகோடிலும் 2017இல் ஜெர்மன் எழுத்து விதிகளிலும் இடம்பெற்றது. கிரேக்கத்தின் பெரிய சிக்மாவுக்குச் சின்ன எழுத்து இரண்டு: சொல்லின் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. எது எதற்குச் சமம் என்பதை மொழிதான் சொல்ல முடியும். எந்த மொழி என்பதைக் கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பகிர்ந்த எடையைக் கேட்கும்போது மொழியின் அடையாளத்தையும் ஏ.எஸ்./400 சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான்.

தமிழில் கேப்பிடல் இல்லை. அப்பர் ஃபங்ஷன் தமிழ்ப் பெயரைத் தொடாமல் அப்படியே திருப்பித் தரும். ஆனால் ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். யூனிகோடில் அதைக் ககரத்தின் எண் 2965, ஒகரக் குறியின் எண் 3018 என இரண்டு எண்ணாக வைக்கலாம். 2965, பின் கொம்பின் எண் 3014, பின் காலின் எண் 3006 என மூன்று எண்ணாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. திரையில் ஒரு மயிரிழை வேறுபாடும் தெரியாது. எண்களை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இவை இரண்டு வேறு பெயர்கள். கொற்றவை என்ற பெயரைத் தேடினால், மூன்றெண்ணாகப் பதிந்த கொற்றவை கிடைக்க மாட்டாள். ஆங்கிலத்தில் வேறுபாட்டைக் கண்ணாலாவது காணலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

மருந்து அதேதான். யூனிகோடு இதற்கு என்.எஃப்.சி. என்ற ஒரே சீர்வடிவத்தை வகுத்திருக்கிறது. அதில் ‘கொ’ எப்போதும் இரண்டு எண். நூலகப் பட்டியலோ, பள்ளிப் பெயர்ப் பதிவேடோ, கடைக் கணக்கோ, தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் நிரலை எழுதும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: பெயர் உள்ளே போகும்போதே என்.எஃப்.சி.க்கு மாற்றுங்கள், தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். ஏற்கெனவே நிரம்பிய டேபிள் உங்கள் கையில் இருந்தால், இண்டெக்ஸ் போடுவதற்கு முன் அதை ஒரு தடவை முழுக்கச் சீர்செய்துவிடுங்கள்.